ஆசீர்வாதம் சொல்லாததை நான் எழுதினேன்

உபதேசியார் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷம் திருப்பத்தூரில் நடந்த உபதேசிமார் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். காரணம் உண்டு. சபையில் தப்பு நடந்தால் விசாரிப்பது, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்திலிருந்து ஒருவரை விலக்குவது, மறுபடி சேர்ப்பது எல்லாம் இதுவரை வெள்ளைக்கார ஐயர்மார் கையில் இருந்தது. இனி அந்தந்த ஊர்ச் சபைக் கமிட்டியே அதை நடத்திக்கொள்ளலாம் என்று மிஷனில் முடிவாகிவிட்டது. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு விசாரணை நடத்தும் முறை தெரியாது. பழைய ஆள் சொல்லட்டும் என்று கூப்பிட்டார்கள்.

முறையைச் சொன்னேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, "ஐயா, நீங்க பாத்ததுலயே ரொம்ப கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்டார். அண்ணன் தம்பி இருவர் பொதுச் சுவருக்காகப் பதினோரு வருஷம் பேசாமல் இருந்த கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். பதில் சொன்ன மாதிரி ஆயிற்று.

ஜோலார்பேட்டையில் வண்டி மாறி ஆம்பூர் வரும்வரை என்னால் உட்கார முடியவில்லை. இடம் காலியாக இருந்தும் கதவருகில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். என் மனைவி, "இன்னா பேஜார் உங்களுக்கு, சொல்லித் தொலைங்களேன்," என்றாள். அவளிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இதுதான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்தவர். ஆடு மாட்டுத் தோலைப் பதனிடும் கிடங்கை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்லுவோம். மிஷன் பள்ளியில் எட்டு வகுப்பு, வேதபாடசாலையில் இரண்டு வருஷம். பிறகு ஆம்பூருக்கு எதிரே, பாலாற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு சேரிக்கு உபதேசியாராக அனுப்பினார்கள். நாற்பது வீடு. முக்கால்வாசிப் பேர் சாயபுமார் ஷாப்புகளில் வேலை செய்தவர்கள். காலையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டும். மாலையில் வீடு வீடாக ஜெபம். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் சபைப் புத்தகத்தில் எழுத வேண்டும். அந்தப் புத்தகத்தில் என் கையெழுத்து முப்பத்தைந்து வருஷத்துக்கு ஓடுகிறது.

எனக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்கார மிஷனரியைப் பெரிய ஐயர் என்போம். மாதம் ஒரு முறை மாட்டுவண்டியில் வருவார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இந்த மண்ணிலேயே அடக்கம் செய்தவர். அவர் விசாரணை நடத்திய விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்காலி ஒன்றுதான் உண்டு. அதை அவருக்குப் போடுவோம். அவர் அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சை இழுத்துப் போட்டு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரே உட்காருவார். உயரமான மனிதர், முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். யார் என்ன சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி: "நீர் கண்டதா, கேட்டதா?" கேட்டது என்றால் அந்த ஆளை வெளியே போகச் சொல்லிவிடுவார். பேசுகிறவர் முடிக்கும்வரை பென்சிலைத் தொடமாட்டார். முடிந்ததும் எழுதி, அதை அந்த ஆளுக்கே உரக்கப் படித்துக் காட்டுவார். "நான் எழுதியது நீர் சொன்னதுதானா?" என்பார். ஆமாம் என்று அவர் சொன்ன பிறகுதான் அது சபைப் புத்தகத்துக்குப் போகும்.

அதற்கு முன் இரண்டு படி உண்டு. முதலில் உபதேசியார் தனியாகப் போய்ப் பேச வேண்டும். அந்த ஆள் கேட்டுத் திருந்தினால் விஷயம் அங்கேயே முடிந்தது, வேறு யாருக்கும் தெரியக்கூடாது. கேட்காவிட்டால் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை.

பாவம் எதுவானாலும் அவருக்கு வேண்டியது மனஸ்தாபம், அதாவது செய்ததைப் பாவம் என்று ஒத்துக்கொண்டு மனம் வருந்துவது. சபைக்குப் பெரியவராக இருந்த எங்கள் மூப்பர் ஒருவர் குடித்துவிட்டு மனைவியை அடிப்பார். ஒரு தடவை கையை உடைத்துவிட்டார். அந்த வருஷத்தில் மட்டும் மூன்று முறை எங்கள் முன்னால் முழங்கால்படியிட்டு, "மனஸ்தாபப்படறேங்க," என்று அழுதார். மூன்று முறையும் பெரிய ஐயர் அவரைத் தூக்கி நிறுத்தித் திருவிருந்தில் சேர்த்துக்கொண்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. கேட்டேன். "மன்னிப்பின் அளவை நான் குறைக்கலாமா உபதேசியாரே? அவர் கேட்கிறார். கேட்கிறவனுக்குக் கொடுக்க வேண்டும்," என்றார்.

அந்த மூப்பர்தான் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து ஆசீர்வாதத்தின் மேல் புகார் சொன்னார்.

ஆசீர்வாதம் சதை சீவுகிறவர். நனைத்த தோலைச் சாய்த்த மரத்தின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுக்கும் வேலை. தோலில் ஒரு கீறல் விழக்கூடாது. அவர் சீவிய தோலுக்கு ஷாப்பில் தனி மதிப்பு. முப்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர் மாசிலாமணி. அவர் தோலில் மயிர் கழல ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர், அதே வயது. ஏழு வருஷமாக இருவரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஒரே பாயில் உட்கார்ந்து ஆராதனையில் பாடியவர்கள். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனி ஆட்கள், சேர்ந்து பொங்கித் தின்கிறார்கள் என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அல்லது அதற்கு மேல் நினைக்காமல் இருந்தேன்.

மூப்பருடைய தங்கை மகள் தபித்தாள் விடுதிப் பள்ளியில் படித்து முடித்திருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ளச் சொல்லி ஆசீர்வாதத்தைக் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. மூப்பருக்கு அது அவமானமாகிவிட்டது.

"அவன் ஏன் வாணான்னான்னு எனக்குத் தெரியும் உபதேசியாரே," என்றார் மூப்பர். "அந்த ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்கானுங்க. நீங்க விசாரிக்கலைன்னா நா தாசில்தார் ஆபீசுக்கே போவேன். சட்டத்துலயும் அது குத்தம்தான்."

"நீங்க கண்டதா, கேட்டதா?" என்றேன், பெரிய ஐயரைப் போல.

"இத யாராவது கண்ணால பாப்பாங்களா?"

கேட்டதுதான். அதோடு தள்ளியிருக்கலாம். தாசில்தார் என்ற சொல் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் வேலை விடும் நேரத்தில் ஆசீர்வாதத்தைப் பாலாற்று மணலில் வழிமறித்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. ஊற்றுக் குழி ஒன்றில் அவர் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

மூப்பர் சொன்னதைச் சொன்னேன். "இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லிடு ஆசீர்வாதம். நா போய் அந்த ஆள் வாய மூடிடறேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இல்லைன்னு சொன்னா பொய்யாயிடும் ஐயா," என்றார்.

வேதத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். பாவம் என்றால் என்ன, இரட்சிப்பு என்றால் என்ன என்று ஞானஸ்நானத்துக்கு முன் நானே அவருக்கு ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தவன்.

"நீங்க சொன்னத மறக்கல," என்றார் அவர். "நா அப்ப குடிச்சிக்கினு இருந்தேன். ஷாப்புல கத்தி ஒண்ண திருடி வித்தேன். காலைல எழுந்தா நெஞ்சுல ஒண்ணு குத்தும். நீங்க பாவம்னா இன்னான்னு சொன்னப்ப, ஓ, இதான் அதுன்னு தெரிஞ்சுது. ரெண்டையும் விட்டேன். சாயபுகிட்ட போய் ஒத்துக்கினேன். இவன் கூட இருக்கறதுல எனக்கு அந்த மாதிரி குத்தல."

"மனசு மரத்துப் போனா குத்தாது, ஆசீர்வாதம்."

"மரத்துப் போறது எனக்குத் தெரியும் ஐயா. மாசிலாமணி கை சுண்ணாம்பு தின்ன கை. கொள்ளிக்கட்டைய எடுத்தாக்கூட அதுக்குத் தெரியாது. என் மனசு அப்படி இல்ல. அவனுக்குக் காச்ச வந்தா எனக்குத் தெரியுது. நீங்க பிரசங்கத்துல அழுதா எனக்கும் அழுக வருது. மரத்தது எப்படி அழும்?"

பெரிய ஐயராக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். நான் சொன்னது: "நல்லா யோசி. ஒரு வாரம் டயம் தரேன்." ஒரு வாரம் கழித்து வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆசீர்வாதம் அதே பதிலைத்தான் சொன்னார். மாசிலாமணி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

விசாரணை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெரிய ஐயர் பெஞ்சில் உட்கார்ந்தார். மூப்பரை, கேட்டதைச் சொல்ல வந்தவர் என்று வெளியே அனுப்பிவிட்டார். அதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உடனே என் பக்கம் திரும்பி, "உம்மிடம் இவர் என்ன சொன்னார்?" என்றார். நான் சொன்னேன். ஆசீர்வாதம் என்னைப் பார்க்கவில்லை. ஊற்றுக் குழி அருகில் அவர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். குத்தவில்லை என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. ஏன் அதை விட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பெரிய ஐயர் நெடுநேரம் பேசினார். கோபமாக அல்ல. "நான் உம்மைத் தள்ள வரவில்லை. கிறிஸ்து தள்ளாதவரை நான் தள்ளமாட்டேன். அவர் சிந்திய இரத்தத்துக்கு இந்தப் பாவம் பெரியதல்ல. ஆனால் பாவத்தைப் பாவம் என்று நீர் சொல்ல வேண்டும். வியாதி இல்லை என்று சொல்லுகிறவனுக்கு வைத்தியன் என்ன செய்வான்? ஒரு வார்த்தை சொல்லும். இன்றைக்கே உம்மைத் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளுகிறேன்."

மாசிலாமணிதான் முதலில் உடைந்தார். தரையில் விழுந்து பெரிய ஐயரின் காலைப் பிடித்துக்கொண்டார். "நா சொல்றேங்க. பாவம்தாங்க. என்ன அந்த நெருப்புல போட்டுடாதீங்க," என்று அழுதார். அந்த நெருப்பை அவருக்குள் போட்டவன் நான். தவக்காலத்தில் நரகத்தைப் பற்றி நான் செய்யும் பிரசங்கம் அக்கம்பக்கத்துச் சபைகளிலும் பேர் பெற்றது.

ஆசீர்வாதம் குனிந்து மாசிலாமணியின் தோளைத் தொட்டு, "எழுந்திரு. உனக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லு. எனக்கு வருத்தம் இல்ல," என்றார். பிறகு பெரிய ஐயரிடம், "எனக்கு அப்படித் தோணலீங்க. தோணாதத சாமி முன்னாடி சொன்னா அதுதான் எனக்குப் பாவமாப் படுது. நா இன்னா பண்ணட்டும்?" என்றார்.

பெரிய ஐயர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுதினார். அந்தப் பாவத்தின் பெயரைச் சபைப் புத்தகத்தில் எழுத அவர் விடவில்லை. 'ஒழுங்குக்கு விரோதமான ஜீவியம்' என்று எழுதச் சொன்னார். ஆசீர்வாதத்துக்கு வாசித்துக் காட்டினார். "நான் எழுதியது நீர் சொன்னதுதானா?" ஆசீர்வாதம், "எனக்கு மனஸ்தாபம் இல்லன்னு எழுதினது நா சொன்னதுதாங்க. மத்தது நீங்க சொன்னது," என்றார். பெரிய ஐயர் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆசீர்வாதம் சபைக்கு வெளியே போனார். திருவிருந்து இல்லை, செத்தால் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. மாசிலாமணி வீட்டை விட்டு வந்து தூரத்து உறவினர் வீட்டில் தங்கினார். நான்கு மாதத்தில் அவருக்குக் கல்யாணம். பெண் தபித்தாள். கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்ற யோசனை மூப்பருடையது. பெரிய ஐயர் தயங்கினார். பெண் சம்மதித்தாளா என்று என்னிடம் கேட்டார். மூப்பர் சம்மதம் என்றார், நான் சம்மதம் என்று எழுதினேன். அவளை நான் கேட்கவில்லை. கண்டதா, கேட்டதா என்றால், கேட்டதுதான்.

இரண்டு வருஷம் கழித்து அவள் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். குழந்தை இல்லை. முகம் வற்றியிருந்தது. "அவரு நல்லவருதாங்க ஐயா. அடிக்கறதில்ல, திட்டறதில்ல. சம்பளத்த கைல குடுத்துட்டு மூலைல உக்காந்துடறாரு. எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். அவருக்கு இன்னா வியாதின்னு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருந்துது. எனக்கு மட்டும் சொல்லாம, என்ன மருந்தாக் குடுத்துட்டீங்களே, அது பாவம் இல்லியா? அதுக்கு யாரு விசாரண வைப்பாங்க?"

நான் ஜெபிக்கலாம் என்றேன். "நீங்க பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வருஷமே பேரணாம்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலை தேடிக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை.

ஐரோப்பிய யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சிப்பாய்களுக்கு பூட்ஸ் வேண்டும் என்று ஷாப்புகளில் இரவு பகல் வேலை. எந்த ஊர்த் தோல், எதனால் செத்த மாட்டின் தோல் என்று பார்க்காமல் வாங்கிக் குவித்தார்கள். சீக்கு மாட்டுத் தோலிலிருந்து ஆட்களுக்கு ஒரு நோய் ஒட்டும். முதலில் கொசு கடித்தது போல ஒரு தடிப்பு, மூன்றாம் நாள் அது நடுவில் கரி போலக் கறுக்கும், சுற்றிலும் வீங்கும். கையில் வந்தால் சிலர் பிழைப்பார்கள். ஆசீர்வாதத்துக்குக் கழுத்தில் வந்தது.

செய்தி கேட்டவுடன் மாசிலாமணி ஷாப்பிலிருந்து நேராக அந்தப் பழைய வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை. நோய்க்குப் பயந்து பக்கத்து வீட்டார்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, வண்டியில் வைத்தால் வழியிலேயே உயிர் போய்விடும் என்றார்.

பெரிய ஐயர் ஆம்பூர் பங்களாவில் காய்ச்சலோடு படுத்திருந்தார். போய்ச் சொன்னேன். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஓடும் உபதேசியாரே. சாகிறவனுக்கு ஒரு வார்த்தை போதும். பேச முடியாவிட்டால் கை அசைத்தால் போதும். இரண்டு சாட்சி இருக்கட்டும். அவர் மனஸ்தாபப்பட்டார் என்று நீர் எழுதியனுப்பினால் நான் நம்புவேன். நம்முடைய தோட்டத்திலேயே அடக்கம் செய்யும்," என்றார். அவர் கண்ணில் தண்ணீர். மூன்று வருஷமாக ஆசீர்வாதத்தின் பெயரைத் தினமும் ஜெபத்தில் சொல்லி வந்தவர் அவர் என்று சமையல்காரர் பிற்பாடு எனக்குச் சொன்னார்.

மூப்பரை இரண்டாம் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாசலைத் தாண்டி வரவில்லை. வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றார். "நீங்க பாத்துட்டு சொல்லுங்க, நா கையெழுத்து போடறேன்."

மத்தியான வெயில் கூரை ஓட்டை வழியே தரையில் விழுந்திருந்தது. ஆசீர்வாதத்தின் கழுத்தும் முகமும் ஒன்றாக வீங்கிப்போயிருந்தன. பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. மாசிலாமணி அவர் தலையை மடியில் வைத்து, துணியில் தண்ணீர் நனைத்து உதட்டில் பிழிந்துகொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் முழங்கால்படியிட்டேன். "ஆசீர்வாதம், என்னத் தெரியுதா?" கண்ணை மூடித் திறந்தார். "பேச வாணாம். பழச நெனச்சு மனஸ்தாபப்படறன்னா கைய மட்டும் தூக்கு. உன்ன சபைல சேத்துடறேன். நம்ம தோட்டத்துல எடம் குடுத்துடறேன்."

அவர் வலது கை பாயின் மேல் கிடந்தது. அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்தக் கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வழி இல்லை. மறுபடி கேட்டேன். கை வெளியே வரவில்லை. முகத்தில் கோபம் இல்லை. எனக்காக வருத்தப்படுவது போல் இருந்தது. அரைமணி நேரத்தில் மூச்சு நின்றது.

வெளியே வந்தேன். மூப்பர், "இன்னா ஆச்சு?" என்றார். "கையத் தூக்கினாரு," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதினேன். 'மேற்படி ஆசீர்வாதம் மரணத்துக்கு முன் தன் பாவங்களுக்காக மனஸ்தாபப்பட்டு, கையை உயர்த்தி அறிக்கை செய்தார்.' மூப்பர் கையெழுத்துப் போட்டார். முறைப்படி எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்ட ஆள் இல்லை. சாயங்காலமே சபைத் தோட்டத்தில், வேலியோரம் அல்ல, நடுவில், நல்ல இடத்தில் அடக்கம் செய்தோம். அந்த வரியைச் சபைப் புத்தகத்திலும் எழுதினேன். பெரிய ஐயர் காகிதத்தைப் பார்த்து நெஞ்சோடு வைத்து ஸ்தோத்திரம் சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

நல்லது செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் மாசிலாமணி வந்தார்.

"நா பாத்துக்கினுதான இருந்தேன்," என்றார். "அவன் கைய உள்ள வெச்சான். நீங்க தூக்கினான்னு எழுதிட்டீங்க."

"இல்லன்னா ஆத்தோரமாப் போட்டிருப்பாங்க மாசிலாமணி. நாய் தோண்டும். உனக்கு அது பரவால்லியா?"

"பரவால்லன்னு சொல்லல. எடம் குடுத்தீங்க, அதுக்குக் கும்புடறேன். ஆனா ஐயா, அவங்கிட்ட ஒண்ணுதான் இருந்துது. பொய் சொல்லமாட்டேன்னு ஒண்ணு. அதுக்காக நா போனத பொறுத்துக்கினான், சபை போனத பொறுத்துக்கினான். செத்தப்புறம் அவன் வாய்ல நீங்க பொய்ய வெச்சிட்டீங்க. அன்னிக்கி நா என் வாய்ல வெச்ச மாதிரியே."

அன்றிலிருந்து அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார். பிரசங்கம்வரை உள்ளே இருப்பார். திருவிருந்துக்கு மேசையை விரித்ததும் எழுந்து வெளியே போய், கதவுக்கு வெளியே கிடக்கும் கல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். யாரும் அவரை விலக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. பெரிய ஐயர் மலைக்கு ஓய்வுக்குப் போய் அங்கேயே காலமாகும்வரை, அது தபித்தாள் விட்டுப் போன துக்கம் என்று நம்பியிருந்தார். எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல், கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம், கதவுக்கு வெளியே அவர் முதுகு எனக்குத் தெரியும்.

ஆசீர்வாதம் இரட்சிக்கப்பட்டாரா? திருப்பத்தூரில் பார்த்த அந்தப் பிள்ளைகளில் யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வேதத்தில் இருக்கும் வரிகளை நான் அழிக்க முடியாது. அவற்றை இல்லை என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. ஆனால் வாயால் மனஸ்தாபம் சொல்லிக்கொண்டே மனைவியை அடித்த மூப்பர் சபை மரியாதையோடு அடக்கமானார். மனதில் இல்லாததைச் சொல்லமாட்டேன் என்றவருக்கு நான் பொய் சொல்லி இடம் வாங்க வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்னால் உட்கார முடிவதில்லை.

திருப்பத்தூரிலிருந்து வந்த இரண்டாவது வாரம் இப்போதைய போதகரிடம் போனேன். தமிழர், சின்ன வயது, என்னிடம் எழுத்துப் படித்தவர். சபைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில், 'இது பொய். இவர் மனஸ்தாபப்படவில்லை. இதை எழுதியவன் நான்,' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"ஐயா, இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்து பாத்தேன் தம்பி. முடியல."

"கல்லறைய யாரும் தொடமாட்டாங்க. அதுக்கு நா பொறுப்பு. ஆனா உங்க விஷயத்த நா கமிட்டில வெக்கணும். சபைப் புத்தகத்துல பொய் எழுதினது சின்ன விஷயம் இல்ல."

"வையுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

கமிட்டி கூடியது. பழைய பள்ளிக்கூடம்தான். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், பெஞ்சு போதும் என்றேன். போதகர் கேட்டார்: "மனஸ்தாபப்படறீங்களா ஐயா?"

அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வர இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

"பொய் எழுதினதுக்கு மனஸ்தாபப்படறேன். அந்தப் பொண்ணக் கேக்காம சம்மதம்னு எழுதினதுக்கும் மனஸ்தாபப்படறேன். ஆசீர்வாதத்த நம்ம தோட்டத்துல வெச்சதுக்கு இல்ல."

"அந்தப் பொய்யாலதான அந்த எடம் கெடச்சுது. ரெண்டையும் எப்படிப் பிரிப்பீங்க?"

"பிரிக்கத் தெரியல. ஆனா இல்லாத மனஸ்தாபத்த உங்ககிட்ட சொல்லமாட்டேன்."

அவர்களால் முடிவு சொல்ல முடியவில்லை. இன்னும் யோசிக்க வேண்டும் என்றார்கள். முடிவாகும்வரை திருவிருந்து எடுக்கக்கூடாது என்று எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். சரியாக எழுதியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு மேசை விரித்தபோது எழுந்து வெளியே வந்தேன். ஐம்பது ஜோடிக் கண்களாவது என் முதுகில் இருந்திருக்கும். வெயிலில் கண் கூசியது. எங்கே போவது என்று தெரியாமல் படியில் நின்றேன். கல் பெஞ்சில் மாசிலாமணி இருந்தார். நான் எழுதியது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. சுண்ணாம்பு தின்ற கையை ஊன்றிக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"இன்னா ஐயா, நின்னுக்கினே இருக்கீங்க," என்றார். "உக்காருங்க."

உட்கார்ந்தேன்.